எங்கிருந்து வந்தது இந்தப் பணம்? மாஸ்கோ முதல் லண்டன் வரை ஒரு வெளுப்புக் கதை

'மெக்மாஃபியா' தொடரின் மூன்றாவது பகுதி முடிந்ததும் என் மைத்துனர் ஒலியைக் குறைத்துவிட்டுக் கேட்டார்: "கொலை புரிகிறது, மிரட்டல் புரிகிறது. இந்தப் பணம் எதற்காக நாடு நாடாகச் சுற்றுகிறது என்பதுதான் புரியவில்லை. மாஸ்கோவில் இருக்கிற பணத்தை நேராக லண்டனுக்கு அனுப்பினால் என்ன?"

மைத்துனர் இரும்புக் கடை வைத்திருக்கிறார். வரவு செலவு என்றால் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கே பிடிபடவில்லை என்றால் தவறு அவருடையது அல்ல. ரஷ்யப் பணம், ஊழல், லண்டன் வங்கியாளர்கள் என்று வரும் எந்தத் திகில் தொடரிலும் இந்த இடத்தில்தான் கதை நம் கையை விட்டுவிடுகிறது. நாயகன் மடிக்கணினியில் ஏதோ தட்டுவான். திரையில் எண்கள் ஓடும். சைப்ரஸ், கேமன் தீவுகள் என்று இரண்டு பெயர்கள் காதில் விழும். அடுத்த காட்சியில் கறுப்பு வெள்ளையாகியிருக்கும். 2018 புத்தாண்டன்று பிபிசியில் தொடங்கிய இந்த எட்டுப் பகுதித் தொடரும் அதற்கு விலக்கில்லை. இத்தனைக்கும் உண்மையில் நடந்தவை தொடரில் வருவதைவிடச் சுவாரசியமானவை. அவற்றில் துப்பாக்கி அதிகம் கிடையாது. ரப்பர் முத்திரைதான் அதிகம்.

முதலில் சொல். நம் செய்தித்தாள்கள் இதைச் 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொற்றொடர் ஒட்டவில்லை. பரிமாற்றத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால் அநேகமாக அது சட்டப்படிதான் இருக்கும்; அப்படித் தோன்ற வைப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும். சட்டவிரோதம் பணத்தின் பிறப்பில் இருக்கிறது. அதனால் நான் 'பண வெளுப்பு' என்றே எழுதப் போகிறேன்.

வெளுப்பது என்றால் என்ன? வங்கிக்குப் பெருந்தொகையோடு போகும் எவரிடமும் வங்கி ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எங்கிருந்து வந்தது இந்தப் பணம்? சம்பளம் என்றால் சம்பளச் சீட்டைக் காட்டலாம். நிலம் விற்றது என்றால் பத்திரத்தைக் காட்டலாம். லஞ்சம் என்றால் எதைக் காட்டுவது? அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தயார் செய்வதுதான் வெளுப்பு. பணத்தை ஒளித்து வைப்பது வேறு, வெளுப்பது வேறு. பரணில் கட்டுக்கட்டாக வைத்திருப்பவன் ஒளிக்கிறான். அதே தொகைக்குப் பங்கு விற்ற ரசீதோ, கடன் திரும்பி வந்த தீர்ப்போ, ஆலோசனைக் கட்டணப் பில்லோ உண்டாக்கிக்கொள்பவன் வெளுக்கிறான். ஒளித்தவனுக்குத் தூக்கம் வராது. வெளுத்தவன் வருமான வரி கூடக் கட்டுவான்.

பாடப்புத்தகங்கள் இதை மூன்று கட்டமாகப் பிரிக்கும். அழுக்குப் பணத்தை வங்கிக்குள் நுழைப்பது. கைமாற்றி கைமாற்றி மூலம் தெரியாமல் அடுக்குவது. கடைசியில் வீடு, கம்பெனி, பங்கு என்று நல்ல பணத்தோடு கலந்துவிடுவது. பெட்டி நிறைய நோட்டுக்கட்டு வரும் காட்சிகளெல்லாம் முதல் கட்டத்தைச் சேர்ந்தவை. போதை மருந்து விற்பவனுக்கு அது பெரிய தலைவலி. ரஷ்யாவின் பெரும் ஊழல்களுக்கோ அந்தக் கட்டமே பல நேரங்களில் தேவைப்படுவதில்லை, ஏனென்றால் திருட்டே வங்கிக்குள்தான் நடக்கிறது. அரசுப் பணியை இரண்டு மடங்கு விலைக்கு ஒப்பந்தம் எடுத்து, மிச்சத்தில் ஒரு பங்கை அதிகாரிக்குத் திருப்பித் தருவதற்கு ரஷ்ய மொழியில் 'ஒத்காத்' என்று பெயர். அங்கே வணிகம் செய்யும் எவரும் அறிந்த சொல்.

திருட்டு எப்படிக் காகிதத்திலேயே நடந்து முடியும் என்பதற்கு ஒரு வழக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பில் பிரவுடர் என்ற முதலீட்டாளரின் ஹெர்மிடேஜ் கேபிடல், ஒரு காலத்தில் ரஷ்யாவில் மிகப் பெரிய வெளிநாட்டு முதலீட்டு நிதிகளில் ஒன்று. 2007 ஜூனில் அதன் மாஸ்கோ அலுவலகத்திலும் வழக்கறிஞர் அலுவலகத்திலும் காவல்துறை சோதனை நடத்தியது. எடுத்துச் சென்றவற்றில் மூன்று துணை நிறுவனங்களின் ஆவணங்களும் வட்ட முத்திரைகளும் இருந்தன. ரஷ்யாவில் அன்று அந்த வட்ட முத்திரைக்கு இருந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. அது யார் கையில் இருந்ததோ அவர்தான் கம்பெனி என்றே சொல்லலாம். சில மாதங்களில் மூன்று நிறுவனங்களும் வேறு ஆள் பெயருக்கு மாறியிருந்தன. பிறகு முன்பின் தெரியாத கம்பெனிகள் அவற்றின்மீது வழக்குப் போட்டன. முன்பின் தெரியாத வழக்கறிஞர்கள் அவற்றின் சார்பில் ஆஜராகி, "ஆமாம், நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பொய்க் கடனால் என்ன லாபம்? கடன் கூடினால் முந்தைய ஆண்டின் லாபம் காகிதத்தில் கரைந்துவிடும். லாபமே இல்லையென்றால் அதற்குக் கட்டிய வரியைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா? 540 கோடி ரூபிள், அன்றைய மதிப்பில் சுமார் 23 கோடி டாலர், வரியைத் திருப்பித் தரும்படி விண்ணப்பம் போனது. 2007 டிசம்பர் 24 அன்று, ஒரே நாளில், அனுமதி கிடைத்தது. நூறு ரூபாய் ரீஃபண்டுக்கு நாம் காத்திருக்கும் நாட்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதைத் துருவி எடுத்துச் சாட்சியம் சொன்னவர் ஹெர்மிடேஜின் வரி ஆலோசகர் செர்கேய் மாக்னிட்ஸ்கி. 2008 நவம்பரில் அவரையே கைது செய்தார்கள். கணையமும் பித்தப்பையும் பாதிக்கப்பட்ட நிலையில், முறையான சிகிச்சை கிடைக்காமல், 2009 நவம்பர் 16 அன்று மாஸ்கோ சிறையில் இறந்தார். வயது 37. இறந்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல், வரி ஏய்ப்புக் குற்றவாளி என்று அவர்மீதே ரஷ்ய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய உயிர்வாழும் உரிமையை ரஷ்யா மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019இல் சொன்னது. அமெரிக்காவின் 2012ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இங்கே மைத்துனர் குறுக்கிட்டார். "சரி, திருடியாகிவிட்டது. ஆட்சியும் அவர்கள் கையில். போலீசும் அவர்கள் கையில். அப்புறம் எதற்கு வெளிநாடு? உள்ளூரிலேயே சுகமாக அனுபவிக்கலாமே?"

இந்தக் கேள்வியில்தான் ரஷ்யக் கதையின் முடிச்சே இருக்கிறது. ரஷ்ய மொழியில் 'கிரிஷா' என்றால் கூரை. வணிக உலகில் அதற்கு இன்னொரு பொருள் உண்டு: மேலே இருந்து உங்களைக் காப்பாற்றும் ஆள். தொண்ணூறுகளில் அது ரவுடியாக இருந்தது. பிறகு போலீஸ் அதிகாரியாகவும் உளவுத்துறைக்காரராகவும் ஆனது. கூரை இருக்கும்வரை மழை தெரியாது. கூரை மாறினால், அல்லது உங்கள் கூரையின் கூரை கோபித்துக்கொண்டால், நேற்றுவரை உங்களுடையதாக இருந்த எண்ணெய்க் கிணறு இன்று இன்னொருவருடையது. முத்திரையைப் பறித்துக் கம்பெனியை எடுத்த அதே வித்தை உங்களிடமும் பலிக்கும்.

1995இல் ரஷ்ய அரசு, தன் பெரிய நிறுவனங்களின் பங்குகளை உள்நாட்டு வங்கிகளிடம் ஈடு வைத்துக் கடன் வாங்கியது. கடனைத் திருப்பவில்லை. அடகுக் கடையில் நகை மூழ்குவதுபோல் நிறுவனங்கள் மூழ்கின. சிப்னெஃப்ட் எண்ணெய் நிறுவனத்தின் 51 சதவீதம் சுமார் 10 கோடி டாலருக்கு பெரெசோவ்ஸ்கி, அப்ரமோவிச் என்ற இரண்டு தொழிலதிபர்களின் தரப்புக்குப் போனது. பத்து ஆண்டு கழித்து, 2005இல், அதே நிறுவனத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவானதை அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமே 1,300 கோடி டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. பிற்பாடு அந்த இருவரும் சண்டையிட்டுக்கொண்டபோது எங்கே போய் வழக்காடினார்கள்? லண்டனில். பெரெசோவ்ஸ்கிக்குத் தான் கொடுத்ததெல்லாம் பங்காளிக்குரிய பங்கு அல்ல, கூரைக்கான கூலி என்று அப்ரமோவிச் தரப்பு வாதிட்டது. 2012இல் ஆங்கிலேய நீதிபதி பெரெசோவ்ஸ்கியின் வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

சட்டம் தூங்கும் ஊரில் சம்பாதித்ததைச் சட்டம் விழித்திருக்கும் ஊரில் வைக்க வேண்டும். திருடனுக்குத்தான் பூட்டின் அருமை நன்றாகத் தெரியும். ரஷ்யப் பணம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஓடியது சொகுசுக்காக மட்டுமல்ல. அங்கே சொத்துப் பத்திரத்தில் பெயர் இருந்தால் அது நிஜமாகவே உங்கள் சொத்து.

இப்போது மைத்துனரின் முதல் கேள்விக்கு வரலாம். நேராக அனுப்பினால் என்ன? அனுப்பும் வங்கி ஒப்பந்தம் கேட்கும். இறக்குமதிக்கான விலையா, எங்கே சுங்கத் தாள்? பெறும் வங்கியும் கேட்கும். இரண்டு பக்கமும் அதே கேள்வி. அதற்கு மாஸ்கோவில் கண்டுபிடிக்கப்பட்ட பதில்களில் மிக அழகானது, அழகு என்ற சொல்லை நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன், 'கண்ணாடி வர்த்தகம்'.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுக்கொள்வோம். 2013ஆம் ஆண்டு, ஒரு டாலருக்குச் சுமார் 32 ரூபிள். மாஸ்கோவில் 'அ' என்ற கம்பெனி, ஒரு பெரிய சர்வதேச வங்கியின் கிளைக்குத் தொலைபேசியில் உத்தரவு தருகிறது: ரஷ்ய வங்கியான ஸ்பெர்பேங்கின் பங்கு, ஒன்று 100 ரூபிள் வீதம், பத்து லட்சம் வாங்குங்கள். பத்துக் கோடி ரூபிள் கைமாறுகிறது. உள்ளூர்க் கம்பெனி உள்ளூர்ப் பணத்தில் உள்ளூர்ப் பங்கை வாங்குகிறது. இதில் யார் என்ன கேட்க முடியும்? அதே நாள், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் பதிவான 'ஆ' என்ற கம்பெனி, அதே வங்கியின் லண்டன் கிளை வழியாக அதே ஸ்பெர்பேங்க் பங்கில் பத்து லட்சம் விற்கிறது. அதன் கணக்கில் சுமார் 31 லட்சம் டாலர் விழுகிறது. பங்கு விற்றுக் கிடைத்த பணம், கொடுத்ததோ பேர்பெற்ற வங்கி. இதிலும் கேட்க ஒன்றுமில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அ-வும் ஆ-வும் ஒரே ஆளுடையவை. பங்கு அவருடைய ஒரு கையிலிருந்து மறு கைக்கு வந்திருக்கிறது. லாபம் இல்லை, கமிஷன் போனதால் நஷ்டம்தான். ஆனால் காலையில் மாஸ்கோவில் ரூபிளாக இருந்தது மாலையில் லண்டனில் டாலராக நிற்கிறது. எல்லையைத் தாண்டி அவர் ஒரு காசு கூட அனுப்பவில்லை.

இலங்கைக்குப் பணம் அனுப்பியும் வளைகுடாவிலிருந்து பணம் பெற்றும் பழகிய குடும்பங்களுக்கு இது எங்கேயோ கேட்டதுபோல் இருக்கும். உண்டியல்! துபாயில் ஒருவரிடம் திர்ஹம் கொடுத்தால் ஊரில் இன்னொருவர் ரூபாய் கொடுப்பார். நடுவில் பணம் பயணிப்பதே இல்லை, இரண்டு முனையில் இரண்டு கணக்கு நேர் செய்யப்படும், அவ்வளவுதான். கண்ணாடி வர்த்தகம் என்பது கோட்டு சூட்டுப் போட்ட உண்டியல். மளிகைக் கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்துக்குப் பதில் பங்குச் சந்தை.

கற்பனையை விட்டு நடந்ததற்கு வருவோம். ஜெர்மனியின் டாய்ச்சே வங்கியின் மாஸ்கோ, லண்டன் கிளைகள் வழியாக 2011க்கும் 2015க்கும் இடையில் இப்படிச் சுமார் 1,000 கோடி டாலர் ரஷ்யாவை விட்டு வெளியேறியது. 2017 ஜனவரியில் நியூயார்க் நிதிச் சேவைத் துறை அந்த வங்கிக்கு 42.5 கோடி டாலரும், பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் சுமார் 16.3 கோடி பவுண்டும் அபராதம் விதித்தன. நியூயார்க் உத்தரவில் இருக்கும் விவரங்கள் எந்தத் திரைக்கதைக்கும் சளைத்தவை அல்ல. இந்தக் கண்ணாடி ஆட்டத்தில் குறைந்தது 12 நிறுவனங்கள் இருந்தன. எதற்கும் பொருளாதாரக் காரணம் என்று ஒன்றும் இல்லை. ஒரு கட்டத்தில் மாஸ்கோ கிளையின் சட்டத் துறைத் தலைவர், விதிமுறைக் கண்காணிப்புத் தலைவர், பண வெளுப்புத் தடுப்பு அதிகாரி ஆகிய மூன்று நாற்காலியிலும் ஒரே வழக்கறிஞர் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பு வேலையில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. இன்னொரு ஐரோப்பிய வங்கி, வாடிக்கையாளர்களில் ஒருவரைப் பற்றிச் சந்தேகப்பட்டு டாய்ச்சே வங்கியிடம் விசாரித்திருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை என்று பதில் போயிற்று. பதில் எழுதியவர் அந்தக் கண்ணாடி வர்த்தகத்தையே மேற்பார்வை செய்தவர்.

கண்ணாடி ஆட்டத்துக்குப் பங்குச் சந்தை வேண்டும், பெரிய வங்கி வேண்டும். இவை இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. அதில் என் மனம் கவர்ந்த பாத்திரம் ஓர் அமீனா, அதாவது நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்.

2010 முதல் 2014 வரை நடந்த இந்த ஏற்பாட்டைப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் 'ரஷ்யச் சலவைக்கூடம்' என்று அழைத்தார்கள். பிரிட்டனில் பதிவான ஒரு காகிதக் கம்பெனி, இன்னொரு காகிதக் கம்பெனிக்குப் பல கோடி டாலர் கடன் கொடுத்ததாகப் புரோநோட்டு எழுதிக்கொள்ளும். பணம் கைமாறியிருக்காது. கடனுக்கு ரஷ்யக் கம்பெனி ஒன்று பிணை நிற்கும். கூடவே மால்டோவா நாட்டுக் குடிமகன் ஒருவரும் பிணை நிற்பார். கடன் வாங்கியவர் கையை விரிப்பார். பிணையாளிகளில் ஒருவர் மால்டோவாக்காரர் ஆயிற்றே, அதனால் வழக்கு மால்டோவா நீதிமன்றத்துக்குப் போகும். நீதிபதி கடன் உண்மை என்று சான்றளித்து, ரஷ்யக் கம்பெனி கட்ட வேண்டும் என்று உத்தரவிடுவார். அமீனா அதற்கென ஒரு மால்டோவா வங்கியில் கணக்குத் திறப்பார். ரஷ்யக் கம்பெனி, நீதிமன்ற உத்தரவுக்குக் கட்டுப்படும் உத்தமனாக, தொகையை அனுப்பிவைக்கும். அங்கிருந்து லாட்வியாவின் ட்ராஸ்தா கொமெர்ட்ஸ் வங்கிக்கு. லாட்வியா ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்தது. அதன் பிறகு பணத்துக்கு ஐரோப்பா முழுவதும் சொந்த ஊர்.

எங்கிருந்து வந்தது இந்தப் பணம்? நீதிமன்றத் தீர்ப்பின்படி வந்தது, இதோ முத்திரை. இதற்குமேல் எந்த வங்கி எழுத்தர் வாய் திறப்பார்? இப்படி 2,080 கோடி டாலர் வெளியேறி 96 நாடுகளில் பரவியதாகக் கணக்கு. 2016இல் மால்டோவாவில் நீதிபதிகளும் அமீனாக்களும் கைதானார்கள். அதே ஆண்டு லாட்விய வங்கியின் உரிமம் பறிக்கப்பட்டது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் 'காகிதக் கம்பெனி' என்று ஒன்று வந்துகொண்டே இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அலுவலகம் இல்லை, ஊழியர் இல்லை. ஒரு முகவரி, ஒரு வங்கிக் கணக்கு, இயக்குநர் என்று கையெழுத்துப் போடக் கூலிக்கு ஒரு பெயர். இதற்குப் பனை மரங்கள் சூழ்ந்த தீவுக்குத்தான் போக வேண்டும் என்று தொடர்கள் நம்மை நம்ப வைத்துவிட்டன. பல வருடங்களாக லண்டனிலேயே சில பவுண்டு செலவில், இணையத்தில், ஒரு மதிய வேளையில் தொடங்க முடிந்தது. கொடுத்த விவரம் உண்மையா என்று அன்று பதிவாளர் அலுவலகம் சரிபார்க்கவில்லை. அந்த ஏட்டில் ஒரு கம்பெனியின் பொறுப்பாளர் தன் பெயரை இத்தாலிய மொழியில் 'கோழித் திருடன்' என்றும், தொழில் 'மோசடிக்காரன்' என்றும், முகவரி 'நாற்பது திருடர் தெரு, அலிபாபா' என்றும் பதிந்திருந்தார். ஏற்றுக்கொண்டார்கள்.

டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கியின் எஸ்டோனியக் கிளை இப்படிப்பட்ட கம்பெனிகளால்தான் பிழைத்தது. 2007 முதல் 2015 வரை அந்தச் சின்னக் கிளையின் வெளிநாட்டு வாடிக்கையாளர் கணக்குகள் வழியாகச் சுமார் 20,000 கோடி யூரோ ஓடியது. அதில் பெரும்பகுதி சந்தேகத்துக்குரியது என்று வங்கியின் சொந்த விசாரணையே சொன்னது. மாட்டிக்கொண்ட விதம் சுவையானது. கிளையில் பணிபுரிந்த ஹோவர்ட் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 2013இல் ஒரு லண்டன் கம்பெனியின் கோப்பைப் புரட்டினார். தனக்கு வரவும் இல்லை, செலவும் இல்லை என்று அந்தக் கம்பெனி லண்டன் பதிவாளரிடம் கணக்குக் காட்டியிருந்தது. அவர் கண்முன் இருந்த வங்கிக் கணக்கிலோ பணம் வெள்ளமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அசையப் பல மாதங்கள் ஆயின. 2022 டிசம்பரில் டான்ஸ்கே வங்கி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மொத்தம் 200 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று.

கடைசிக் கட்டமான கலப்பதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. வீடு வாங்குவார்கள், கால்பந்து அணியின் போட்டிக்கு மேல்மாடத்தில் இருக்கை வாங்குவார்கள், பிள்ளைகளைப் புகழ்பெற்ற பள்ளியில் சேர்ப்பார்கள். பிரிட்டன் 2008இல் முதலீட்டாளர் விசா ஒன்றைத் தொடங்கியது. பத்து லட்சம் பவுண்டு கொண்டுவந்தால் குடியேறலாம். 2014இல் அது இருபது லட்சமானது. தொடக்க வருடங்களில் அதில் ஒரு வேடிக்கை நடந்தது. விசா கொடுத்தாகிவிட்டதே, உள்துறை விசாரித்திருக்கும் என்று வங்கிகள் நினைத்தன. வங்கி கணக்குத் திறந்திருக்கிறதே, வங்கி விசாரித்திருக்கும் என்று உள்துறை நினைத்தது. உக்ரைன் போர் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, 2022 பிப்ரவரியில், அந்த விசா மூடப்பட்டது.

'மெக்மாஃபியா'வுக்கும் நிஜத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இந்த இடத்தில் உண்டு. தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோதே, 2018 ஜனவரி 31 அன்று, பிரிட்டனில் 'விளக்கப்படாத செல்வ உத்தரவு' நடைமுறைக்கு வந்தது. பத்திரிகைகள் அதை மெக்மாஃபியா சட்டம் என்றே எழுதின. வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து வைத்திருக்கும் வெளிநாட்டு அதிகாரிகள், அவர்களுடைய உறவினர்கள் போன்றவர்களிடம் நீதிமன்றம் அதே பழைய கேள்வியைக் கேட்கும்: எங்கிருந்து வந்தது? பதில் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

ரஷ்யக் கோடீஸ்வரர்கள் நடுங்குவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்க்க, முதல் உத்தரவு அஜர்பைஜான் அரசு வங்கியின் முன்னாள் தலைவருடைய மனைவிமீது பாய்ந்தது. லண்டனின் ஹாரட்ஸ் பேரங்காடியில் பத்து ஆண்டுகளில் 1.6 கோடி பவுண்டு செலவழித்திருந்தார். அங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் வீடு. கணவரின் வங்கி கொடுத்த 35 கடன் அட்டைகளைப் பயன்படுத்தியிருந்தார். அடுத்தடுத்த வழக்குகள் அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. கசகஸ்தானின் முன்னாள் அதிபர் குடும்பத்தைச் சேர்ந்தவர்களின் எட்டுக் கோடி பவுண்டு லண்டன் வீடுகள்மீது போட்ட உத்தரவுகளை 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பணம் எப்படி வந்தது என்பதற்கு அவர்கள் தரப்பு ஆவணங்களோடு விளக்கம் கொடுத்தது; நீதிபதி அரசின் சந்தேகத்துக்குப் போதிய அடிப்படை இல்லை என்றார். வழக்குச் செலவு அரசு விசாரணை அமைப்பின் தலையில் விழுந்தது. கேள்வி கேட்பதற்கும் காசு வேண்டும்.

மைத்துனர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடி வர்த்தகத்துக்கே திரும்பி வந்தார். வியாபாரி அல்லவா, கணக்கு முடியாமல் விடமாட்டார். "அந்த ஆயிரம் கோடி டாலர் கடைசியில் யாருடையது?"

பிரிட்டிஷ் ஆணையத்தின் அறிவிப்பில் அதற்கு எழுதியிருந்ததைச் சொன்னேன்: அடையாளம் தெரியாத வாடிக்கையாளர்கள்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு ஒலியைக் கூட்டினார். நான்காவது பகுதி தொடங்கியிருந்தது. யாரோ யாரையோ காரில் துரத்திக்கொண்டிருந்தார்கள்.